நான் பரப்பிய மணல்

மணலைப் பரப்பியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வன்னியில் கண்டாவளைப் பக்கம் வீடு. கட்டட வேலைக்குப் போகத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. முதலில் இரும்புத் தாச்சியில் கல்லும் மண்ணும் சுமந்தேன். பிறகு கலவை குழைத்தேன். பிறகு அச்சில் சீமெந்துக்கல் அரிந்தேன். மேசன் வேலையைப் பெண்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். பார்த்துப் பழகினேன்.

நாங்கள் நான்கு பேர். நான், என் மச்சாள், அடுத்த காணியில் இருக்கும் ஒரு தாயும் அவளுடைய பெரிய மகளும். மச்சாள் என்றால் தம்பியின் மனைவி. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. நான் பேசாமல் விடுவதையும் சேர்த்து அவள் பேசுவாள்.

எங்கள் பக்கம் ஒரு விவசாயப் பயிற்சி நிலையம் கட்டினார்கள். காசு கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அது பசுமைக் கட்டடம் என்று பத்திரம் எடுக்க வேண்டும். பத்திரத்துக்குப் புள்ளி போடுவார்கள். கரண்ட் குறைவாகப் போனால் புள்ளி. இடித்த சாமானைத் திரும்பப் பாவித்தால் புள்ளி. கல்லைத் தூரத்திலிருந்து ஏற்றாமல் பக்கத்தில் எடுத்தால் புள்ளி. மழைத் தண்ணீரை வாய்க்காலில் ஓட விடாமல் விழுந்த இடத்திலேயே நிலத்துக்குள் இறக்கினால் புள்ளி. பள்ளிக்கூடத்துச் சோதனை மாதிரித்தான்.

கட்டடத்துக்குக் கிடைக்க வேண்டிய புள்ளி எல்லாம் கிடைத்துவிட்டது. அது போதவில்லை. மிச்சம் முற்றத்தில் இருந்தது. முற்றம், வாகனம் விடும் இடம், கேற்றிலிருந்து வரும் பாதை. மூன்றுக்கும் தண்ணீர் இறங்கும் கொங்கிறீற்று போட வேண்டும்.

இதெல்லாம் எஞ்சினியர் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் கல் அரிந்து கொடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, முற்றத்தை நீங்கள் போடுவியளோ?"

"சொல்லித் தந்தால் போடுவம்."

பக்கத்தில் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் நின்றார். கிளிநொச்சிக்காரர். வேலை தெரிந்த மனிதர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"மண் இல்லாத கொங்கிறீற்று எண்டுறியள். அது என்ன பிள்ளை, பொரிவிளாங்காயோ?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் இருக்கும். கல்லுக்குக் கல்லு ஒட்டியிருக்கும், இடையால தண்ணி இறங்கும்."

"அதை இவையள் நாலு பேரும் போடப் போகினம்?"

"இவையள்தான்."

"கொழும்பில இதுக்கெண்டே கொம்பனி இருக்கு. மெசினோட வந்து போட்டிட்டுப் போவான்."

இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்முற்றத்தை மட்டும் நாங்கள் போடுவது. புள்ளி போடுகிறவர் கொழும்பிலிருந்து வந்து தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். இறங்கினால் வாகனம் விடும் இடமும் பாதையும் எங்களுக்கு. இறங்காவிட்டால் கொம்பனி வரும். நாங்கள் போட்டதையும் அவர்களே உடைத்து எடுப்பார்கள். நாங்கள் திரும்பத் தாச்சி தூக்கப் போவோம்.

"சம்மதமோ அக்கா?" என்று பிள்ளை கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

மச்சாள் வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தினாள். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"இப்ப கேக்கிறன். சம்மதமோ?"

"சம்மதம். ஆனாலும் கேட்டிருக்க வேணும்."

முதலில் நிலத்தை வெட்டினோம். எங்கள் பக்கத்து மண் களி. மாரியில் தண்ணீரைக் குடிக்காது. அதனால் ஆழமாக வெட்டி அடியில் கல் போட வேண்டும். அந்தக் கல் சண்டையில் இடிந்த வீடுகளிலிருந்து வந்தது. வன்னியில் அதற்குப் பஞ்சம் இல்லை. எங்கோ குவித்து வைத்திருந்த சுவர்த் துண்டு, தூண் துண்டு எல்லாவற்றையும் மெசினில் உடைத்து ஏற்றி வந்து கொட்டினார்கள். இடித்த சாமான் என்பதால் அதற்கும் புள்ளி. பரப்பும்போது ஒரு துண்டில் பச்சைப் பூச்சு இருந்தது. எங்கள் பழைய வீட்டுச் சுவருக்கும் பச்சைதான் பூசியிருந்தோம். இருக்கலாம். எத்தனையோ வீட்டுக்குப் பச்சை பூசியிருந்தார்கள். திருப்பிப் போட்டு இடித்து இறுக்கினேன்.

மேலே போடுவதற்குக் கருங்கல் சல்லி. சீமெந்தைக் கொஞ்சம் குறைத்து நிலக்கரிச் சாம்பல். மின்சாரம் எடுக்கும் இடத்தில் கழிவாகப் போகிற சாம்பல் அது, மூட்டையில் வந்தது. மணல் மட்டும் கிடையாது. "மண் ஒரு பிடி கூடச் சேரக் கூடாது அக்கா. சேர்ந்தால் ஓட்டை அடைபட்டிடும்" என்று பிள்ளை சொன்னாள். ஒரு முறைதான் சொன்னாள். எனக்குப் போதும்.

முதல் லோட் சல்லி வந்தது. கையை விட்டுப் பார்த்தேன். மாவாகத் தூசி ஒட்டியது.

"திருப்பிக் கொண்டு போங்கோ" என்றேன்.

லொறிக்காரர் சிரித்தார். "கல்லெண்டால் தூசி இருக்கும்தானே அக்கா."

"அப்ப கழுவிக் கொண்டு வாங்கோ."

"கல்லைக் கழுவிறதோ? சோறோ சமைக்கப் போறியள்?"

"ஓம். வந்து சாப்பிடுங்கோ."

இதைச் சொன்னது மச்சாள். அவர் திருப்பிக் கொண்டுபோய் வேறு கல் ஏற்றி வந்தார். அப்படி இருந்தவள் நான். இதை ஏன் எழுதுகிறேன் என்று பிறகு தெரியும்.

தண்ணீர் அளவுதான் கஷ்டம் என்று பிள்ளை சொன்னாள். கூடினால் சீமெந்து வழிந்து அடியில் போய்த் தேங்கும். குறைந்தால் ஒட்டாது. கையில் எடுத்துப் பொத்திக் காட்டினாள். உருண்டையாக நிற்க வேண்டும். வழியக் கூடாது. உள்ளங்கை மட்டும் மினுங்க வேண்டும்.

மச்சாள் ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்த்தாள். "பிள்ளை, இது பிட்டு மாப் பதம். இதை எங்களுக்கோ சொல்லித் தாறியள்?"

அன்றிலிருந்து மிக்சரிலிருந்து இறங்கிய ஒவ்வொரு கலவையையும் அந்தத் தாய்தான் பொத்திப் பார்த்தாள். அவள் விடிய நான்கு மணிக்கு எழும்பிப் பிட்டு அவித்துக் கடைக்குக் கொடுக்கிறவள். "காணும்" என்றால் தண்ணீர் போதும். "இன்னும் ஒரு சிரட்டைத் தண்ணி" என்றால் ஒரு சிரட்டை. அவள் சொன்னது பிழைக்கவில்லை.

கொட்டி, பரப்பி, இரும்புக் குழாயை மேலே உருட்டி அமத்த வேண்டும். அவ்வளவுதான். தேய்க்கக் கூடாது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கரடுமுரடான வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போவது வெட்கமாக இருந்தது. சாந்து பூசும் சாந்தகப்பையை எடுத்து ஓரத்தைத் தேய்க்கக் குனிந்தேன். பிள்ளை வந்து கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டாள்.

"முடியட்டும், தாறன்."

ஏழு நாள் பொலித்தீனால் மூடி வைத்தோம். எட்டாம் நாள் எடுத்தோம். சாம்பல் நிறத்தில் எள்ளுருண்டையைத் தட்டி வைத்த மாதிரி இருந்தது. மச்சாள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் ஓடவில்லை. தேங்கவும் இல்லை. இல்லாமல் போனது. அந்தத் தாய் ஓரடி பின்னால் போனாள்.

"எங்க போச்சு?" என்றாள் மச்சாள். இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் போனது.

ஓவசியர் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு நடந்து வந்து தன் குடிக்கிற போத்தலைத் திறந்து, மிச்சத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். போத்தலை மூடிக்கொண்டு போனார்.

நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

பரிசோதிக்கிறவர் வருவதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பிள்ளை வேறு வேலையாக இரண்டு நாள் வரவில்லை. நான் கேற்றடியில் நின்று முற்றத்தைப் பார்த்தேன். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். முற்றம் அம்மை வந்த முகம் மாதிரிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் ஒரு கலியாணம், வீடு குடிபுகுதல், யாரும் மதிப்பானவர் வருகிறார் என்றால் முற்றத்துக்கு வெள்ளை மணல் பரப்புவோம். பரப்பி, பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து அமத்துவோம். செய்யாவிட்டால் மரியாதை இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

கோயில் திருவிழாவுக்கு ஏற்றிய மணல் வெளி வீதியில் மிஞ்சிக் கிடந்தது. கேட்டேன், எடுக்கச் சொன்னார்கள். லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் இரண்டு தரம் ஏற்றி வந்தோம். நான்கு பேரும் பரப்பினோம். வாசலடியில் குத்துவிளக்கு வைப்பார்கள் என்று அங்கே மட்டும் தடிப்பாகப் போட்டேன். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். ஒரு தரம் அல்ல. சோளகக் காற்றுக் காலம். பறந்துவிடும் என்று காலையும் மாலையும் தெளித்தேன்.

ஓவசியர் பார்த்தார். "இப்பதான் முற்றம் மாதிரி இருக்கு" என்றார். அவருக்கும் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கலவைக்குள் ஒரு பிடி மணல் சேரக் கூடாது என்று லொறியையே திருப்பினவள், மேலே இரண்டு லோட் கொட்டித் தண்ணீரும் ஊற்றி உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை பிள்ளை பஸ்ஸால் இறங்கி வந்தாள். கேற்றடியிலேயே நின்றாள்.

"அக்கா, இது என்ன?"

"வடிவா இருக்கட்டும் எண்டு."

அவள் பையை வைத்தாள். குனிந்து ஒரு இடத்தில் மணலைக் கையால் ஒதுக்கினாள். தண்ணீர் சோதிக்கிற வளையம் அவளிடம் இருந்தது. அகலமான குழாயில் வெட்டிய துண்டு. அதை நிலத்தில் வைத்து, சுற்றிவரக் களி அப்பி, உள்ளே தண்ணீர் ஊற்றி, எத்தனை செக்கனில் இறங்குகிறது என்று பார்ப்பது. ஊற்றினாள். தண்ணீர் நின்றது. வானம் அதில் தெரிந்தது.

அவள் கவிழ்த்து வைத்த வாளிக்கு மேலே குந்தினாள்.

"ஆர் போட்டது?"

"நான்."

"நாங்கள் நாலு பேரும்" என்றாள் மச்சாள்.

"நான் சொல்லிப் போட்டது" என்றேன்.

பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மேலே போடக் கூடாதெண்டு நானும் சொல்லேல்லை. இதை ஆரும் போடுவினம் எண்டு எனக்கு யோசனை வரேல்லை" என்றாள். அவள் நகரத்தில் வளர்ந்தவள்.

"பரிசோதிக்கிறவர் எத்தினை மணிக்கு வாறார்?" என்று கேட்டேன்.

"நாளையிண்டைக்கு, பத்து மணிக்கு."

"அப்ப ரெண்டு நாள் இருக்கு" என்றேன். "எடுப்பம்."

"கொழும்பில இதை உறிஞ்சி எடுக்கப் பெரிய வாகனம் இருக்கு அக்கா. இஞ்ச இல்லை."

"இஞ்ச இருக்கிறதைச் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். காற்று அடித்துக் கிளப்ப வேண்டும், கிளம்பினதை உறிஞ்ச வேண்டும், தண்ணீர் மட்டும் படக் கூடாது என்றாள்.

முதலில் மேல் மணலை அள்ளிக் கேற்றுக்கு வெளியே போட்டோம். ஈர்க்குமாற்றால் கூட்டினோம். பிறகு வெயிலுக்கு விட்டோம். மத்தியானத்துக்குள் காய்ந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயர் ஒட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் காற்று அடிக்கிற கொம்பிறசர் இருக்கிறது.

"ரெண்டு நாளைக்குத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"நிலத்துக்குக் காத்து அடிக்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிலத்துக்கோ? எத்தினை பவுண்ட் வேணும்?"

"இருக்கிற முழுக்க."

தந்தார். அவரும் பின்னால் வந்தார், பார்க்க. உறிஞ்சுகிற மெசினுக்கு வாகனம் கழுவுகிற இடத்தில் கேட்டேன். கார் சீற்றில் தூசி எடுக்கிற மெசின். அவர்கள் அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் என்று சொல்லித் தந்தார்கள்.

சோக்கட்டியால் முற்றத்தைக் கட்டம் கட்டமாகக் கீறினேன். ஒரு கட்டத்துக்கு ஒருத்தி காற்று அடிக்க, ஒருத்தி உறிஞ்ச. முதலில் குழாயை நேரே கீழ்நோக்கிப் பிடித்தோம். மணல் இன்னும் உள்ளே போனது. ரயர் கடைக்காரர்தான் சொன்னார், சரித்துப் பிடியுங்கோ, மண் மேலே எழும்பும் என்று. சரித்துப் பிடித்தோம். எழும்பியது. கண், மூக்கு, வாய் எல்லாம் மணல். சீலைத் துண்டால் முகத்தைக் கட்டினோம். ஒவ்வொரு கட்டமும் முடிய வளையத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இறங்கினால் கட்டத்தில் ஒரு சரி. இறங்காவிட்டால் காய விட்டுத் திரும்ப அடிப்பது.

பொழுது சாயும் வரைக்கும் செய்தோம். அடுத்த நாள் விடியத் திரும்ப வந்தோம். அந்தத் தாய் பிட்டு அவிக்கவில்லை. கடைக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்துவிட்டாள். மச்சாள் தலையில் இருந்து மணலைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"கலியாணத்துக்கும் இவ்வளவு மணல் என்ரை தலையில விழேல்லை."

"உன்ரை கலியாணத்துக்கும் நான்தான் பரப்பினனான்."

"அதுதான் அந்தக் கலியாணம் இப்பிடி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு முறை சிரித்தது அதுதான்.

பின்னேரம் உறிஞ்சும் மெசினைக் கொண்டுபோக வந்துவிட்டார்கள். வாசலடி மட்டும் மிச்சம். நான் தடிப்பாகப் போட்டு அதிகம் தெளித்த இடம். ஒரு பாய் விரிக்கிற அளவு இருக்கும். காற்று அடித்தோம். உறிஞ்ச மெசின் இல்லை. ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் நின்றது. ஓவசியர் வந்து வளையத்துக்குள் பார்த்தார்.

"நாளைக்கு இதுக்கு மேல மேசை ஒண்டு வைச்சுக் கோலம் போட்டு விளக்கு வைப்பம். ஆர் பாக்கப் போகினம்" என்றார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அப்போது அவரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் பரிசோதிக்கிறவர் வந்தார். மெலிந்த மனிதர். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். மிச்சத்தைப் பிள்ளை சொன்னாள். கடுதாசிகளைப் பார்த்தார். கல் எங்கே எடுத்தது, சாம்பல் எவ்வளவு, அடியில் என்ன கல், எல்லாம் கேட்டார். பிறகு வளையத்தை எடுத்தார். ஓரத்தில் ஒரு இடம். தண்ணீர் உடனே போனது. நடுவில் ஒரு இடம். கொஞ்சம் நேரம் எடுத்தது, போனது. கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்.

"நல்லம்" என்றார். வளையத்தில் ஒட்டியிருந்த களியைத் துடைக்கத் தொடங்கினார்.

மேசை வாசலடியில் இருந்தது. விளக்கு எரிந்தது.

நான் ஒன்றை யோசித்தேன். மாரி வரும். வாசலில் தண்ணீர் நிற்கும். எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவார்கள். "இது பொம்பிளையள் போட்டது" என்பார்கள். நான் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தத் தண்ணீர் அங்கே நிற்கும்.

"ஐயா, வாசலடியையும் பாருங்கோ" என்றேன்.

மச்சாள் என் கையைக் கிள்ளினாள். ஓவசியர் வேறு பக்கம் பார்த்தார். வந்தவர் விளங்காமல் பிள்ளையைப் பார்த்தார். அவள் சொன்னாள்.

நானே மேசையைத் தூக்கி வைத்தேன். அவர் வளையத்தை வைத்தார். ஊற்றினார். தண்ணீர் நின்றது. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டி இருக்கவில்லை.

"ஏன்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"மணல் போட்டனான். நீங்கள் வாறியள் எண்டு. ரெண்டு நாளா எடுத்தம். இதில எடுக்க முடியேல்லை."

பிள்ளை முழுவதையும் அவருக்குச் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவர் குனிந்து முற்றத்தைப் பார்த்தார். சோக்கட்டிக் கோடு சில இடத்தில் இன்னும் இருந்தது. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன மெசின் என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். ஒரு கடுதாசியைத் தேடி எடுத்துப் பிள்ளையிடம் காட்டினார். முற்றத்தைப் பிறகு யார் துப்புரவாக வைத்திருப்பது, எப்படி என்று எழுத வேண்டிய கடுதாசி. வெறுமையாக இருந்தது. அதுவும் இல்லாமல் புள்ளி இல்லையாம்.

"உங்களாலை எழுதித் தர ஏலுமோ எண்டு கேக்கிறார்" என்றாள் பிள்ளை.

"ஏலும். வாசலடிக்கு என்ன?"

அவர் தலையை ஆட்டினார். இப்படியே விட்டால் புள்ளி போட முடியாது. உடைத்துத் திரும்பப் போட்டால், தண்ணீர் இறங்குவதைப் படம் பிடித்து அனுப்பினால் பார்க்கலாம். மாதம் முடிவதற்குள் கடுதாசி மேலே போய்விடும்.

நாள் எண்ணிப் பார்த்தேன். போட்டு மூடி வைக்க ஏழு நாள் வேண்டும். இன்றே தொடங்கினால் காணும்.

அவருடைய வாகனம் கேற்றைத் தாண்டும்போது நான் கோடு கீறிக்கொண்டிருந்தேன்.

போட்டதை உடைப்பது கஷ்டம். கை வரவில்லை. முதல் அடியை மச்சாள் போட்டாள். "தள்ளுங்கோ மச்சாள். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் மாரி வந்திடும்" என்றாள். உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை அளவுக்குத்தான் மணல் இருந்தது. வெள்ளையாக, கல்லுக்குக் கல் இடையில். அதற்குக் கீழே ஓட்டை எல்லாம் திறந்தபடி. கண்ணுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் வந்தது. அவ்வளவு ஆழத்தில் நான் பிழை செய்யவில்லை. அதைப் பார்த்த பிறகு கை வந்தது.

மிஞ்சிய சல்லியைக் கழுவினோம். லொறிக்காரர் சொன்ன மாதிரி, அரிசி கழுவுகிற மாதிரி. தாய் பொத்திப் பார்த்தாள். "காணும்" என்றாள். கொட்டி உருட்டிப் பொலித்தீனால் மூடி நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். புதுத் துண்டு கொஞ்சம் கருமையாக இருக்கும் என்று பிள்ளை சொன்னாள்.

"ஒட்டுப் போட்ட சீலை மாதிரித் தெரியும்" என்றார் ஓவசியர்.

"தெரியட்டும்" என்றேன்.

அந்த ஏழு நாளில் கடுதாசியை எழுதினேன். குசினி அடுப்படியில் குந்தியிருந்து எழுதினேன். எழுத்துப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. வருடத்துக்கு ஒரு தரம் மாரிக்கு முதல் காற்று அடிக்க வேண்டும். சரித்து அடிக்க வேண்டும். உறிஞ்ச வேண்டும். ஈரத்தில் செய்யக் கூடாது. மண் ஏற்றிய வாகனத்தை இதில் விடக் கூடாது. எந்த நல்ல காரியத்துக்கும் மணல் பரப்பக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன். பிள்ளை அதை வாங்கி வாசித்தாள். ஒரு சொல்லும் மாற்றாமல் பையில் வைத்தாள்.

எட்டாம் நாள் பொலித்தீனை எடுத்தோம். மச்சாள் போனைப் பிடித்தாள். தாயின் மகள் மணிக்கூட்டைப் பிடித்தாள். நான் ஊற்றினேன். படத்தில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு மச்சாளின் குரல்: "எங்க போச்சு?"

அதை வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வரப் பல நாள் ஆனது. நான் தோட்டக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை போனில் வந்தாள்.

"அக்கா, புள்ளி போட்டிட்டினம். முற்றத்துக்குரியது முழுக்க. துப்புரவுக் கடுதாசிக்கும் சேர்த்து."

"சரி."

"மிச்சம் முழுக்க உங்களுக்குத்தான். வாகனம் விடுற இடமும் பாதையும். ஓவசியர் ஐயாவே கையெழுத்து வைச்சிட்டார்."

"சரி. கல் எப்ப வரும்?"

அவள் சிரித்தாள். "நீங்கள் அழப் போறியள் எண்டு நினைச்சுப் போன் எடுத்தனான். நீங்கள் கல்லைக் கேக்கிறியள்."

போனை வைத்துவிட்டு மிச்சத் துணியைத் துவைத்தேன். பிறகு மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் போட்டு முடித்தோம். மழை வந்தது. வீதி எல்லாம் வெள்ளம். நான் குடையோடு போய்க் கேற்றடியில் நின்று பார்த்தேன். முற்றத்தில் தண்ணீர் இல்லை. வாசலடித் துண்டிலும் இல்லை. நிறம் மட்டும் தெரிந்தது. இன்றைக்கும் தெரியும்.

திறப்பு விழா தை மாதத்தில் நடந்தது. முதல் நாள் நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தோம். ஒரு உழவு இயந்திரம் பெட்டி நிறைய வெள்ளை மணலோடு வந்து கேற்றில் நின்றது. நான் போய் முன்னால் நின்றேன்.

"ஆர் அனுப்பினது?"

"விவசாயச் சங்கத் தலைவர். முற்றத்துக்குப் பரப்பச் சொன்னவர்."

"திருப்புங்கோ."

"நல்ல காரியத்துக்குப் போடுறதுதானே அக்கா. வெறும் முற்றத்திலயோ விழா வைக்கிறது?"

"ஓம். நானும் போட்டனான். திருப்புங்கோ."

"தலைவருக்கு நான் என்ன சொல்லுறது?"

"கோயில் வெளி வீதியில அக்கா கொட்டச் சொன்னவா எண்டு சொல்லுங்கோ. அவையளுக்கு நான் ரெண்டு லோட் குடுக்க வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். மச்சாள் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். அவர் இயந்திரத்தைப் பின்னால் எடுத்தார். திருப்பும்போது பெட்டி ஓரத்திலிருந்து கொஞ்சம் மணல் பாதையில் உதிர்ந்தது. ஒரு பிடி இருக்கும்.

குனிந்து கூட்டி எடுத்தேன்.